வளவுக்கு வந்த சோளம்

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த வருடங்களில் நான் சேலத்தில் ஒரு வாரப் பத்திரிகைக்கு நிருபராக இருந்தேன். நிருபர் என்று பெயர், வேலை எல்லாம்தான். கோர்ட்டுச் செய்தி, மழையளவு, சந்தை நிலவரம், மாட்டுத் திருட்டு, கடைசியில் அச்சுப்பிழை திருத்துவதும் நானே. ஒரு தை மாதம் ராசிபுரம் பக்கத்துக் கிராமங்களில் பிளேக் புகுந்தது. சுகாதார அதிகாரி எங்கள் அலுவலகத்துக்கே வந்து, தம்மோடு முகாமுக்கு வர ஒரு ஆள் வேண்டும் என்றார். ஒரு ஊரில் ஊசி போட்டதை அச்சில் போட்டுப் பக்கத்து ஊரில் படித்துக் காட்டினால் அங்கே ஜனங்கள் சோளக்காட்டுக்குள் ஓடி ஒளியமாட்டார்கள் என்பது அவர் யோசனை. ஆசிரியர் என்னைக் கைகாட்டினார்.

அதிகாரி சென்னைக்காரர். நாற்பது வயது இருக்கும். ஊசியைத் தாமே கொதிக்கவைப்பார். வேறு யாரையும் நம்பமாட்டார். கையூட்டு என்று ஒரு இளநீர்கூட வாங்கமாட்டார். காலையில் எழுந்தால் பொழுது சாயும்வரை நின்றுகொண்டே இருப்பார். நான் பார்த்த நேர்மையான மனிதர்களில் அவர் ஒருவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு அவரைக் கெட்டவர் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். அவர் கெட்டவர் அல்ல.

நாங்கள் முகாம் போட்ட ஊர் வெண்ணந்தூருக்குக் கிழக்கே நான்கு மைல். ஊருக்குள் நூறு வீடு, பெரும்பாலும் ஓட்டு வீடு, நிலம் உள்ளவர்களுடையது. தெற்கே ஒரு ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் வளவு. பண்ணையாட்களின் குடிசைகள் அங்கே முப்பதுக்குக் கொஞ்சம் மேல். ஊரின் மணியக்காரர்தான் ஊருக்குப் பெரிய நிலக்காரரும். வளவில் பாதிப் பேர் அவர் பண்ணையில் வேலை செய்தார்கள்; அவரைப் பண்ணாடி என்பார்கள்.

பிளேக் வருமுன் எலி விழும். விட்டத்திலிருந்து பொத்தென்று விழுந்து, நடுவீட்டில் சுற்றிச் சுற்றி வந்து சாகும். எலி செத்ததும் அதன் மேலிருக்கும் தெள்ளுப்பூச்சி வேறு உடம்பு தேடும். அதனால் எலி விழுந்த வீட்டைக் காலி செய்யவேண்டும், வெயில் உள்ளே இறங்கும்படி ஓட்டைப் பிரிக்கவேண்டும், தொம்பையில் சேர்த்த தானியத்தை வெளியே கொட்டி ஐந்து நாள் காயவைக்கவேண்டும், எலி கடித்த மூட்டையை எரிக்கவேண்டும் என்று உத்தரவு. வீட்டை விடுவது நிலக்காரர்களுக்குக் கஷ்டமாக இல்லை. எல்லோருக்கும் தோட்டத்தில் தங்குவதற்குச் சாளை இருந்தது. பண்ட பாத்திரத்தோடு அங்கே போய்விட்டார்கள். தானியம்தான் அவர்களுக்கு நோவாக இருந்தது.

முதல் நாள் மாரியம்மன் கோயில் முன்பாக மேசை போட்டார்கள். எங்கே போடுவது என்று அதிகாரி மணியக்காரரைக் கேட்டார். மணியக்காரர் காட்டிய இடம் அது. அதிகாரி முதலில் தம் சட்டைக் கையை மடித்து எல்லோரும் பார்க்கத் தமக்கே ஊசி போட்டுக்கொண்டார். பிறகு பேசினார். பேச்சில் ஒரு வாக்கியத்தை நான் வார்த்தை மாறாமல் குறித்துக்கொண்டேன்: "ஒருத்தருக்குப் போடாம விட்டா யாருக்குமே போடாத மாதிரிதான். காசு வேண்டாம். எல்லாரும் வாங்க." நல்ல வாக்கியம். தலைப்புக்கு ஆகும் என்று பக்கத்தில் கோடு போட்டேன்.

மணியக்காரர் முன்னால் வந்து கையை நீட்டினார். அவர் நீட்டியதும் ஊர் நீட்டியது. பஞ்சால் தேய்த்துக்கொண்டே அவர் கேட்டார்.

"ஐயா, இதைப் போட்டாக் காச்சல் அடிக்குமுங்களா?"

"ஒரு நாள் அடிக்கும். கை வீங்கும்."

"அப்பொ வளவுக்காரனுகளுக்குக் கடைசீல போட்டுக்கலாமுங்க. சோளம் அறுப்புல நிக்குது. இவனுக காலை நீட்டிப் படுத்துக்கிட்டா, நானுங்களா போய் அறுக்கறது?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. "கடைசியில்னா எப்போ?" என்றார்.

"நாலே நாளுங்க."

எங்களோடு வந்திருந்த சுகாதார இன்ஸ்பெக்டர் குறுக்கே வந்தார். ஓமலூர்க்காரர், எந்தச் சாவு வீட்டிலும் அவருக்கு ஒரு நகைச்சுவை வரும். "வளவுக்கு அவசரமே இல்லைங்க சார். அங்க ஒரு எலிகூட உழுகலை. எலிக்கு அங்க என்ன வேலை? சேந்து பட்டினி கெடக்கவா போகும்?"

நகைச்சுவைதான், ஆனால் உண்மையும் அதுதான். அந்த வாரத்தில் அந்த ஊரிலேயே பிளேக்குக்கு எட்டாத இடம் வளவுதான். ஒரு குடிசையிலும் நாளைக்கு என்று ஒரு படி தானியம் இல்லை. அதனால் எலி இல்லை. அதிகாரி கொஞ்சம் யோசித்துவிட்டு, நான்கு நாள் தாங்கும் என்று தலையை ஆட்டினார். நான் குறிப்பேட்டில் 'வளவு: எலி இல்லை' என்று எழுதினேன்.

கோயில் மைதானத்தின் ஓரத்தில் ஒரு புளியமரம். வளவுக்காரர்கள் அதைத் தாண்டி வரக்கூடாது. அன்று சாயங்காலம் மரத்தடியிலிருந்து ஒரு பெண் என்னைக் கூப்பிட்டாள். முப்பது வயதுக்குள் இருக்கும். மணியக்காரரின் வண்டி ஓட்டும் பண்ணையாளின் மனைவி என்று பிறகு தெரிந்தது.

"சாமி, அந்த ஊசி எங்களுக்கு எப்பங்க?"

"அறுப்பு முடிஞ்சதும். நாலு நாள்ல."

"அறுப்பு முடியற வரைக்கும் அது காத்துக்கிட்டு இருக்குமுங்களா?"

அது என்று அவள் மோவாயால் காட்டிய பக்கம் மணியக்காரர் வீட்டுக் கூரைமேல் ஆட்கள் ஏறி ஓட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"உனக்கு ஊசிக்குப் பயமில்லையா?" என்று கேட்டேன். ஊருக்குள் பெண்கள் ஊசியைப் பார்த்து அலறிக்கொண்டிருந்த நேரம்.

"எனக்கென்னங்க பயம். மேட்டூர்ல அணைக்குக் கல்லு ஒடைக்கப் போயிருந்தப்பக் காலரா ஊசி போட்டாங்க. மேஸ்திரி, ஓவர்சீரு, நாங்க, அல்லாருக்கும் ஒரே வரிசை. எனக்கு முன்னால பூணூல் போட்ட ஓவர்சீரு ஒருத்தரு. எம்மேல பட்டுருவமோன்னு நெளிஞ்சு நெளிஞ்சு நின்னாரு, பாவம். ஊசி குத்தறதுக்கு முந்தியே அவருக்கு வேர்த்துப்போச்சு." சிரித்தாள். பிறகு, "அவருக்கும் எம் புள்ளைக்கும் போட்டாப் போதுமுங்க. எனக்கு மிச்சமிருந்தாப் பாத்துக்கலாம்" என்றாள். அவர் என்றால் புருஷன். பிள்ளை எட்டு வயதுப் பெண். அவளுக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை.

நான் அதிகாரியிடம் சொன்னேன். "நாலு நாள்னு சொல்லுங்க" என்றார். சொன்னேன். அவள் விரலை மடக்கி எண்ணிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் மணியக்காரரின் சாளையில் எனக்குச் சாப்பாடு. அதிகாரி போகமாட்டார்; நான் போவேன். சாப்பிட்டுவிட்டு ஓடைக்கரை வழியாகத் திரும்பும்போது எதிரே மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று வளவுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. தானிய வண்டி அந்தத் திசையில் போய் நான் பார்த்ததில்லை. ஓட்டி வந்தவன் அவள் புருஷன்.

"எங்கப்பா?"

"எங்க ஊட்டுக்குங்க சாமி. பண்ணாடி ஊட்டுச் சோளம் எங்க ஊட்டுக்கு விருந்தாடி வருது." மாட்டின் முதுகில் தட்டிச் சிரித்தான். "எங்கப்பன் காலத்துலருந்து இதை அவிங்க தொம்பைல கொட்டறது எங்க வேலை. எங்க வாசப்படி இதைப் பாக்கறது இன்னைக்குத்தான்."

"ஏன் அங்கே?"

"இன்சுபெட்டரு வளவுக்கு வரமாட்டாருங்களே."

அவ்வளவுதான் விஷயம். ஊருக்குள் எங்கே வைத்தாலும் இன்ஸ்பெக்டர் கண்ணில் படும். வெயிலில் கொட்டவேண்டும், எலி கடித்த மூட்டை நெருப்புக்குப் போகும். ஓடையைத் தாண்டினால் தீட்டு என்று இன்ஸ்பெக்டர் போகமாட்டார். அதைவிடப் பத்திரமான இடம் மணியக்காரருக்கு எங்கே கிடைக்கும்? அன்று மத்தியானத்துக்குள் வளவில் குடிசைக்கு மூன்று, நான்கு என்று மூட்டை இறங்கிவிட்டது. வண்டிக்காரன் நம்பிக்கையான ஆள் என்பதால் அவன் வீட்டில் எட்டு. யாரும் கைவைக்காமல் காவல் இருக்கவேண்டும் என்று உத்தரவு.

அதிகாரி கை கழுவிக்கொண்டிருந்தபோது சொன்னேன். துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"எலி விழுந்த வீட்டுச் சோளமா?"

"மணியக்காரர் வீட்டுத் தொம்பையிலிருந்து."

"இன்னைக்குக் காலையில எத்தனை பேர் வந்தாங்க, பார்த்தீங்களா? வரிசை எதுவரைக்கும் நின்னது?"

"குளத்தங்கரைவரைக்கும்."

"அவர் கை நீட்டினதாலே நின்னது. நாளைக்கு நான் அந்த மூட்டையை வெளியே இழுத்துப் போட்டா ஒரு கை நீளாது. ஊரே கதவைச் சாத்திக்கும். முப்பது வீட்டைப் பார்த்து நூறு வீட்டை விட முடியாது."

"முதல் நாள் நீங்க சொன்னது..."

"சொன்னேன். அதை எழுதுங்க."

"இதை?"

"இதை எழுதினா அடுத்த ஊர்லே மேசை போட இடம் கிடைக்காது."

நான் குறிப்பேட்டை மூடினேன். அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க அன்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் முழுக்கத் தெரியவில்லை. ஆனால் ஒன்று செய்திருக்கலாம். எங்கள் கூடாரத்திலிருந்து அந்தக் குடிசைக்கு ஐந்து நிமிட நடை. போய் அவளிடம், மூட்டைப் பக்கம் படுக்காதீர்கள், பிள்ளையை வெளியே மரத்தடியில் படுக்கவை என்று சொல்லியிருக்கலாம். மேட்டூரில் வரிசையில் நின்றவள், ஒரு வார்த்தையில் புரிந்துகொண்டிருப்பாள். மணியக்காரர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தேன். போகவில்லை.

நான்காம் நாள் அவள் பொழுது விடியவே புளியமரத்தடிக்கு வந்துவிட்டாள். பெண்ணுக்கு எண்ணெய் வைத்து இழுத்துச் சீவியிருந்தாள். புருஷன் அறுப்பை விட்டுவிட்டு அரை நாள் கேட்டுக்கொண்டு வந்து நின்றான். ஆனால் அன்று காலையிலிருந்தே வெண்ணந்தூர்ச் சாலையில் வண்டி வண்டியாக ஆட்கள் இறங்கினார்கள். மணியக்காரரின் மைத்துனர் வீடு, சம்பந்தி வீடு, அவர்களுடைய பங்காளிகள். ஊர்க்காரர்கள் எல்லோரும் சொல்லியனுப்பியிருந்தார்கள்.

"இவங்க இந்த ஊர் இல்லையே" என்றார் அதிகாரி.

"எல்லாரும் வாங்கன்னு ஐயாதானுங்களே சொன்னீங்க" என்றார் மணியக்காரர். குரலில் கேலி இல்லை. நிஜமாகவே அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு இன்ஸ்பெக்டர் கடைசிப் புட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். அதிகாரி தாமே புளியமரம்வரை நடந்து போனார். அதைச் செய்த வேறு அதிகாரியை நான் பார்த்ததில்லை.

"மருந்து தீர்ந்துபோச்சம்மா. பம்பாயிலேருந்து பார்சல் வரணும். செவ்வாய்க்கிழமை வரேன்."

"எந்தச் செவ்வாயிங்க சாமி?"

"வர செவ்வாய்."

காலையிலிருந்து மடித்துவிட்டிருந்த ரவிக்கைக் கையைப் பிள்ளை இறக்கிவிட்டுக்கொண்டது. புருஷன், "மூட்டைக்கு ஆளில்லை, நான் போறேன்" என்று வேகமாக நடந்தான்.

சேலம் திரும்பி இரண்டு பத்தி எழுதினேன். அதிகாரி தமக்கே ஊசி போட்டுக்கொண்டது, மணியக்காரரின் முன்மாதிரி, குளத்தங்கரைவரை நின்ற வரிசை, அந்த வாக்கியம். 'எல்லா வகுப்பினருக்கும் இலவசமாக ஊசி போட ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது' என்று முடித்தேன். ஏற்பாடு என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டேன். அடுத்த ஊரில் அதைச் சாவடியில் நின்று படித்துக் காட்டினார்கள். அங்கே மேசை போட்ட அன்றே ஜனங்கள் வந்து நின்றார்கள். அந்தக் கட்டுரையால் பிழைத்தவர்கள் உண்டு. அவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பார்சல் அந்தச் செவ்வாய் வரவில்லை. அதற்கடுத்த செவ்வாய்தான் வந்தது. அதிகாரியின் காரில் அதே மூவரும் போனோம். மணியக்காரர் ஊர் எல்லையிலேயே காத்திருந்தார்.

"ஊருக்குள்ள ஐயா புண்ணியத்துல எல்லாரும் சௌக்கியம். வளவுலதான் கொஞ்சம் போயிருச்சுங்க."

"கொஞ்சம்னா?"

"பதினொன்னுங்க. நம்ம வண்டிக்காரனும் போயிட்டான். இனி அந்த மாடுகளுக்குப் புது ஆளைப் பழக்கோணும்."

அதிகாரி ஓடையில் இறங்கினார். இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு பின்னால் வந்தார், வேறு வழியில்லை. குடிசை வாசலில் அவள் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"பிள்ளை?" என்றேன்.

"அப்பன் போன மறுநாளுங்க." அழவில்லை. அழுது முடித்திருந்தாள். "காவலுக்குன்னு அவரு மூட்டை மேலயே படுத்துக்கிட்டாரு. புள்ள எப்பவும் அப்பன்கூடத்தான் படுக்கும். மெத்தையாட்ட இருக்குதுன்னு அதுக்கு ஒரே சந்தோசம். எறங்கவே மாட்டேன்னுச்சு. அப்பறம் அக்குள்ள நெறி கட்டுச்சு. மூணே நாளு."

"ராசிபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலையா?" என்றார் அதிகாரி. "அங்கே காசு வாங்கமாட்டாங்களே."

"எட்டு மைலுங்க. பண்ணாடிகிட்ட வண்டி கேட்டேன். வண்டி ஓட்டறவனும் படுத்துக்கிட்டான், நீயும் போயிட்டா மூட்டையை யாரு பாக்கறதுன்னாருங்க."

அதிகாரி பெட்டியைத் திறந்தார். அடுப்பை மூட்டி, ஊசியைக் கொதிக்கவைத்து, "கையைக் காட்டம்மா" என்றார். நீட்டினாள். மருந்து இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"புள்ளைக்கும் இத்தனை போட்டிருப்பீங்களா, கம்மியாவா?"

"பாதி."

"பாதி" என்று திருப்பிச் சொன்னாள்.

அதிகாரி குடிசை குடிசையாகப் போய் மீதிப் பேருக்கும் போட்டு முடிக்கும்வரை மணியக்காரர் தெருவிலேயே நின்றார். மூட்டைகளைத் திருப்பி எடுத்துப் போகத்தான் வந்திருந்தார். ஒரு ஆளை விட்டு ஒன்றை வெளியே இழுக்கச் சொன்னார். சாக்கின் அடியில் கைப்பிடி அளவுக்கு ஓட்டை. அதிலிருந்து சோளம் கொட்டியது; சோளத்தோடு காய்ந்துபோன எலி ஒன்றும் விழுந்தது. அவர் துள்ளிப் பின்னால் போனார். கொஞ்ச நேரம் மூட்டையைப் பார்த்தார்.

"இது இனி நம்மூட்டுக்கு ஆகாது. ஏ புள்ள, நீயே வெச்சுக்க. ஆம்பளை இல்லாத ஊடு, சோத்துக்கு ஆகும். அல்லாரும் அவங்கவங்க ஊட்டுல இருக்கறதை வெச்சுக்கங்க."

வளவு முழுவதும் கையெடுத்துக் கும்பிட்டது. "பண்ணாடி நல்லா இருக்கோணும்" என்று ஒரு கிழவர் சொன்னார். கேலியாகச் சொல்லவில்லை, அவருக்கும் இரண்டு பேர் போயிருந்தார்கள். அவள் மட்டும் கும்பிடவில்லை. மெல்லப் போய் மூட்டையின் வாயை அவிழ்த்து ஒரு கை அள்ளி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். ஊதினாள். உமி பறந்தது. எட்டு மூட்டை. ஒருத்தி உட்கார்ந்து சாப்பிட்டால் இரண்டு வருடத்துக்கு மேல் வரும்.

அதிகாரி இன்ஸ்பெக்டரிடம், "எழுதிக்குங்க" என்றார். "எலி விழுந்த தானியம். எரிக்கணும்."

இன்ஸ்பெக்டர் தயங்கினார். "யாரோடதுன்னு எழுதறது சார்?"

அதிகாரி மணியக்காரரைத் திரும்பிப் பார்த்தார். "யாருது இது?"

"நான்தான் குடுத்துப்போட்டனுங்களே. அவிங்களுதுங்க."

"அப்போ எரிச்சிடலாம்."

மருத்துவப்படி சரியான உத்தரவு. இரண்டு வாரத்துக்கு முன்னும் அது சரியான உத்தரவாகத்தான் இருந்தது. மணியக்காரர் தடுக்கவில்லை. தானமாகக் கொடுத்ததை எரித்தால் கொடுத்தவருக்கு என்ன? வளவுக்காரர்களையே விட்டு மூட்டைகளை இழுத்துப் போடச் சொன்னார்கள். குடிசைகளின் கூரையைப் பிரித்து அந்த ஓலையையே மேலே போட்டு மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். கூரைக்குப் பதில் கூரை எப்போது வரும் என்று யாரோ கேட்டார்கள். எழுதிக் கேட்கவேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர்.

ஓலை எரிந்து முடிந்ததும் சோளம் பொரிய ஆரம்பித்தது. நெருப்புக்குள்ளிருந்து வெள்ளை வெள்ளையாகத் தெறித்தது. வறுத்த வாசனை ஓடைக்கு அந்தப் பக்கம்வரை போயிருக்கும். வளவுக் குழந்தைகள் சுற்றி வந்து குச்சியால் பொரியைத் தட்டி இழுத்து, ஊதி ஊதி வாயில் போட்டுக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு விளாரை ஒடித்துக்கொண்டு அவர்களைத் துரத்தினார். ஓடை என்றும் வளவு என்றும் பாராமல் ஓடினார். கைக்குட்டை எங்கோ விழுந்துவிட்டது.

அவள் கூரை இல்லாத வீட்டின் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். ஊசி போட்ட கையை இன்னொரு கையால் தாங்கியிருந்தாள். வீக்கம் ஆரம்பித்திருக்கவேண்டும். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"சாமி, இதையும் காயிதத்துல போடுவீங்களா?"

"போடுவேன்."

"என்னன்னுங்க?"

அதிகாரி காருக்குப் பக்கத்தில் நின்று என்னைக் கூப்பிட்டார். அடுத்த ஊருக்கு நேரமாகிவிட்டது.

"வளவிலும் எல்லாருக்கும் ஊசி போட்டாச்சுன்னு" என்றேன்.

அவள் யோசித்துப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"ஆமாங்க" என்றாள். "இருக்கறவங்களுக்கெல்லாம் போட்டாச்சு."